ஏரிக்கரை ரிசார்ட்டில் இருபத்து நாலாவது கூறு

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று போன ஆடி மாதமே சொன்னவன் நான். எங்கள் வீட்டு வாசலில் வண்டி கழுவிக்கொண்டே, என் வீட்டுக்காரி சரோஜாவை சாட்சியாக வைத்து, "பாத்துக்கோ, வர்ற படையல்ல கூறு இருபத்து மூணு இல்ல, இருபத்து நாலு" என்று சொன்னேன். சரோஜாவைக் கேட்டால் அப்படி ஒன்றும் காதில் விழவில்லை என்பாள். குழாய் திறந்திருந்தால் அவளுக்கு எதுவும் காதில் விழாது.

முதல் முறை இந்தப் பக்கம் வருபவர்களுக்காக: என் பெயர் ஏழுமலை. விழுப்புரத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறேன். படிப்பு எட்டாவது. எட்டாவதை இரண்டு தடவை படித்தேன் என்பதால் ஒன்பதாவது என்றே வைத்துக்கொள்ளலாம். என்னுடைய ஏற்காடு பதிவைப் படித்துவிட்டுத் தமிழ்நாடே ஏற்காட்டுக்குக் கிளம்பியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு பலர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து ரெண்டு நாள் தங்குற மாதிரி, ஏரிப் பக்கமா ஒரு இடம் சொல்லுங்க." அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

மாசி மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு. எங்கள் குடும்பச் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம். சங்கத்தின் பெயர் சின்னப்பையன் வகையறா. சின்னப்பையன் எங்கள் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா. காலமெல்லாம் ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். தனக்கென்று ஒரு காணி கிடையாது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் முனீஸ்வரனுக்கு ஒரு கல் நட்டுவிட்டுப் போனார். எங்களுக்குச் சொத்து என்றால் அந்தக் கல்தான்.

வருஷா வருஷம் அங்கே கிடா வெட்டிப் படையல் போடுவோம். பிறகு கறியைச் சமமாகக் கூறு போடுவோம். கல்யாணம் ஆன ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு கூறு. இருக்கிறவர்களில் மூத்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட, அவரவர் வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியாள் கண்ணுக்கு அது அரைக் கிலோ ஆட்டுக்கறி. எங்களுக்கு அது, 'நீ இந்த வகையறா' என்று சாமி முன்னால் சொல்வது. எங்களில் தலைக்கட்டு இருபத்து மூன்று.

முன்பெல்லாம் ஏரிக்கரையில் நான் போடும் பந்தலில்தான் தங்குவோம். (அந்தப் பந்தலைப் பார்த்து ஒரு சினிமா கம்பெனிக்காரர் விலை கேட்டிருக்கிறார்.) போன வருஷம் எதிர்க்கரையில் ஒரு ரிசார்ட் வந்துவிட்டது. சங்கத் தலைவர் கலியபெருமாள் அண்ணன், என் பெரியப்பா மகன், அதை ரெண்டு நாளைக்குப் பேசி முடித்தார். பந்தல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. அண்டாக்களாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று என் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு விழுப்புரத்தில் வண்டியை எடுத்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது வெயில் இன்னும் கண்ணில் படவில்லை. விக்கிரவாண்டியில் ஒரு டீ, பதினைந்து ரூபாய். கூட்டேரிப்பட்டு ஜங்ஷன் விழுப்புரத்திலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். நான் பதினெட்டு நிமிஷத்தில் போய்விட்டேன். பின்னால் இருந்த அண்டாக்கள் சத்தம் கேட்டு லாரிகளெல்லாம் ஒதுங்கி வழி விட்டன. சரோஜா தன் போனில் பார்த்து ஐம்பத்தைந்து நிமிஷம் என்கிறாள். டீயைச் சேர்த்தால் அப்படி வரலாம்.

ஜங்ஷனில் என் தங்கை மல்லிகா காத்திருந்தாள். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். கையில் ஒரு தூக்கு நிறைய வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை.

"எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருக்கிறே?" என்று கேட்டேன்.

"நீ ஆறரைக்கு வர்றேன்னு சொன்னே. நான் ஏழுன்னு எடுத்துக்கினேன். இப்பதான் எறங்குனேன், கரெக்டா இருக்குது."

மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மகள் தேவி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். மல்லிகா குழந்தையோடு திரும்பி வந்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டு, தேவியை நர்ஸ் படிப்பு வரை கொண்டுவந்துவிட்டாள். நம் ஜில்லாவிலேயே மிருதுவான இட்லி அவளுடையதுதான். டில்லியிலிருந்து ஆள் வந்து பார்சல் வாங்கிப் போனதாக நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

முன் சீட்டில் எனக்கும் சரோஜாவுக்கும் நடுவில் இடுக்கி உட்கார்ந்தாள். மயிலம் ரோட்டில் திரும்பியதும் ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். வண்டிய ஓட்டிக்கினே கேளு. தேவிக்கு ஒரு எடம் வந்திருக்குது. நல்ல பையன். அவங்க ஊட்ல, பொண்ணு எந்த வகையறான்னு கேக்குறாங்க. அவ அப்பன் பக்கம் எங்கள எழவுக்குக்கூட கூப்பிடுறதில்ல. நம்ம படையல்ல என் பேரு கிடையாது. நான் இன்னா சொல்லட்டும்?"

"என் தங்கச்சின்னு சொல்லு. அது போதாது?"

"போதும்னா அவங்க எதுக்கு மறுபடியும் கேக்குறாங்க? பதினெட்டு வருஷமா வர்றேன். அண்டா கழுவுறேன், மசாலா அரைக்கிறேன். கூறு போடுற நேரத்துல மட்டும் தள்ளி நின்னுக்கினு, உன் கூறுலதான் சாப்பிடுறேன். இந்த வருஷமும் கூப்பிடலன்னா இதோட சரி. அண்டா கழுவ ஆள் வச்சிக்கோங்க."

"நான் பாத்துக்கிறேன் உடு."

"போன வருஷமும் பாத்துக்கினுதான் இருந்தே" என்றாள்.

சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இரண்டு பெண்களுக்கு நடுவில் வண்டி ஓட்டுவது மலைப்பாதையில் ஓட்டுவதைவிடக் கஷ்டம்.

ஜங்ஷனிலிருந்து ரிசார்ட் ஒன்பது கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் ரோடு. காரில் வருபவர்கள் பள்ளம் பார்த்து வரவும். இடம் நன்றாகவே இருக்கிறது. ஏரியைப் பார்த்தபடி பன்னிரண்டு காட்டேஜ், நாலு பேர் தங்கும் அறைக்கு ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. ஒரு நீச்சல் குளம், ஒரு பேட்மின்டன் கோர்ட், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். மாசியில் ஏரி நிறைந்து கிடக்கிறது. எதிர்க்கரையில் எங்கள் முனீஸ்வரனின் வேப்பமரம் தெரிந்தது. வெள்ளைக் கொக்குகள் பத்தாயிரம் இருக்கும். அவற்றில் பல என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தன, மல்லாட்டைக்காக இருக்கலாம்.

மாலை நாலு மணிக்கு மிதிபடகு. அரை மணிக்கு நூற்றைம்பது ரூபாய். நான் திட்டம் போட்டு கலியபெருமாள் அண்ணனை ஏற்றிக்கொண்டேன். கரையில் என்றால் அவரைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். ஏரி நடுவில் அவரும் நானும்தான். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டையர் ஆனவர். எந்தப் பேச்சுக்கும் முன்மாதிரி கேட்பார்.

"அண்ணே, மல்லிகாவுக்கு ஒரு கூறு போட்டுடலாமே" என்று ஆரம்பித்தேன். நியாயமாக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் பேசினேன். என் வாழ்க்கையில் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். "எனக்கு இன்னா அது மேல கோவமா? அது கடை இட்லிய துண்ணாம நான் திண்டிவனத்த தாண்டுனது கிடையாதுடா. ஆனா ஒரு தபா சாமி முன்னாடி கூப்பிட்ட பேர அப்புறம் எந்த வருஷமும் உட முடியாது. உட்டா குத்தம். கலியபெருமாள் தலைவரா இருந்தப்போ இல்லாத ஒண்ண புதுசா கொண்டாந்துட்டான்னு நாளைக்கு பேரு வரும்."

"வந்தா வரட்டும்ணே."

"உனுக்கு இன்னா, பந்தல கழட்டிக்கினு போயிடுவே. பேஜாரு எனக்கு. முன்னாடி எப்பனா நடந்திருக்குதுன்னு காட்டு. நானே எலைய போடுறேன்."

நான் யோசனையோடு மிதித்தேன். அவர் மிதிக்கவே இல்லை. ஒருவர் மட்டும் மிதித்தால் படகு ஒரே இடத்தில் வட்டம் சுற்றும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். சுற்றிச் சுற்றி ஆகாயத்தாமரைக்குள் போய் மாட்டிக்கொண்டோம். ரிசார்ட் ஆள் கயிறு போட்டு இழுத்தார். நான் தண்ணீரில் குதித்துப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தேன் என்று கரையில் சிலர் பேசிக்கொண்டார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எதிர்க்கரையில் பொங்கலிட்டு, கிடா வெட்டி, படையல் முடிந்தது. கறியை என் வண்டியில் ரிசார்ட்டுக்குக் கொண்டுவந்தோம். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் கூறு போடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மேனேஜர் தம்பி ஓடி வந்தான்.

"சார், சார், பூல் கிட்ட கறி வேணாம் சார். மத்த கெஸ்ட்டுங்க பாத்தா என்னைத்தான் கேப்பாங்க."

"சாமி கறி தம்பி" என்றார் கலியபெருமாள் அண்ணன்.

"சாமிகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்குறேன் சார். ஓனர்கிட்ட கேக்க முடியாது. பேட்மின்டன் கோர்ட்ல போட்டுக்கோங்க. ஜல்தியா முடிச்சிட்டு கழுவி உட்டுடுங்க."

நெட்டைக் கழற்றி, எதிர்க்கரைச் சாமியைப் பார்த்தபடி தார்ப்பாய் விரித்தோம். நாலு வரிசை, வரிசைக்கு ஆறு வாழையிலை. இருபத்து மூன்று இலை போட்டால் கடைசி வரிசைக் கோடியில் ஓர் இடம் காலியாக இருக்கும். வருஷா வருஷம் அந்த இடத்தில்தான் கத்தியையும் கறித் தட்டையும் வைப்பார்கள். அன்றும் வைத்தார்கள். மல்லிகா தள்ளிக் குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

நான் போய்க் கத்தியையும் தட்டையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இலையை விரித்தேன்.

"இன்னாடா இது?" என்றார் கலியபெருமாள் அண்ணன்.

"இருபத்து நாலு. மல்லிகாவுக்கு."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். "பொம்பளைக்கு ஏதுடா தலைக்கட்டு?" என்று ஒருவர். "போட்டா இன்னா, ஆடு இன்னொரு காலோட பொறக்கவா போவுது?" என்று சரோஜா. அண்ணன் கையைத் தூக்கினார்.

"நேத்தே சொன்னேன். முன்னாடி நடந்திருக்குதா?"

"நடந்திருக்குது" என்றேன். "நம்ம பூட்டனுக்கு ஒரு தங்கச்சி. பேரு குப்பம்மா. ஓமந்தூர் பக்கம் கட்டிக்குடுத்தாங்க. புருஷன் கண்டிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவன் திரும்பி வரல. அது திரும்பி வந்துடுச்சு. பூட்டன் இதே ஏரிக்கரையில அதுக்குத் தனியா இலை போட்டு, தன் கையால கூறு வச்சாரு. சும்மா இல்ல. ஈரல் வச்சு குடுத்தாரு."

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

"ஈரலா?" என்று அண்ணன் ஒரு மாதிரி இழுத்துக் கேட்டார். "உனுக்கு யாரு சொன்னது?"

"சித்தப்பாதான்" என்று கையை நீட்டினேன்.

கோவிந்தசாமி சித்தப்பா எங்களில் மூத்தவர், எண்பத்து நாலு வயது. பெயர் கூப்பிடுவது அவர்தான். கோர்ட் அம்பயர் உட்காரும் உயரமான நாற்காலியில் அவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தோம். அத்தனை பேரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தோம். அவர் வெற்றிலையை மென்று முடித்தார், எச்சிலை எங்கே துப்புவது என்று பார்த்தார், கோர்ட்டுக்கு வெளியே எட்டித் துப்பினார்.

"ஆமா" என்றார். "எங்க அப்பாரு சொல்லுவாரு. குப்பம்மா. ஆனா ஈரல் இல்லடா மடையா. நெஞ்செலும்பு."

அவ்வளவுதான். கலியபெருமாள் அண்ணன் குனிந்து, நான் கோணலாகப் போட்டிருந்த இலையை வரிசைக்கு நேராக இழுத்து வைத்தார். எல்லாக் கூற்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்து இருபத்து நாலாவது இலையில் சேர்த்தார்கள். சித்தப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். என் பெயரைக் கூப்பிட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்போது என் கண்ணெல்லாம் குழாயடியில் இருந்தது.

"ஆறுமுகம் மவ மல்லிகா!"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். தார்ப்பாயின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள். வேறு யாரும் கழற்றவில்லை. இரண்டு கையாலும் இலையை வாங்கி, கறியை விலக்கிப் பார்த்தாள்.

"நெஞ்செலும்பு எங்க?" என்றாள்.

கலியபெருமாள் அண்ணன் தன் கூற்றிலிருந்து ஒன்றை எடுத்து அவள் இலையில் வைத்தார். "வாங்கினதும் கேள்வியப் பாரு. தலைக்கட்டு ஆயிட்ட இல்ல" என்றார். ரிசார்ட் முழுக்கச் சிரித்தது. மேனேஜர் தம்பியும் சிரித்தான். அவனுக்கும் ஒரு தட்டு சோறும் குழம்பும் கொடுத்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி, பங்குனி நல்ல காலம். சித்திரைக்குப் பிறகு ஏரியில் தண்ணீர் கீழே போய்விடும் என்றார்கள். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கூட்டேரிப்பட்டுக்கு பஸ் அடிக்கடி உண்டு. அங்கிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும், ஆனால் மண் ரோட்டுக்கு வரமாட்டேன் என்பான். முன்கூட்டியே பேசி வைக்கவும். சமையலை நீங்களே செய்வதானால் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள். அண்டா வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். மிதிபடகில் உங்களோடு ஏறுகிறவர் மிதிப்பாரா என்று கரையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேட்மின்டன் கோர்ட் கழுவ ஒரு மணி நேரம் ஆகும், அதற்கு ஆள் வைத்துக்கொள்ளவும். கூறு வாங்கிய பிறகு மல்லிகாவை யாரும் அண்டா கழுவ விடவில்லை என்பதால் நானே கழுவினேன். இடுப்பு இன்னும் நேராகவில்லை.

இந்தப் பதிவை இங்கேயே முடித்திருப்பேன். போன செவ்வாய்க்கிழமை மல்லிகா போன் செய்தாள். தேவிக்கு அந்த இடமே முடிந்துவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் "சின்னப்பையன் வகையறா, இருபத்து நாலாவது தலைக்கட்டு" என்று சொன்னாளாம். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

"அண்ணே, குப்பம்மாவுக்கு ஒரு பொடவை எடுத்துட்டேன். அரக்கு கலரு, ஜரிகை போட்டது. வர்ற படையல்ல சாமி கிட்ட வச்சுடலாம். பத்திரிகையில மேல, முனீஸ்வரன் துணைக்குப் பக்கத்துல, குப்பம்மா துணைன்னும் போட்டுடலாமா?"

நான் இருமினேன். லைன் சரியில்லை என்றேன்.

பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதினால் வருகிறது. இங்கே நான் எழுதியதில் கொக்குக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பதினெட்டு நிமிஷமும் அப்படித்தான். ஆனால் குப்பம்மா முழுக்க முழுக்க நான் செய்தது. பூட்டனுக்குத் தங்கை இருந்தாளா என்றே எனக்குத் தெரியாது. இலையை விரித்துவிட்டு நிமிர்ந்த நேரத்தில் வாயில் வந்த பெயர் அது.

சித்தப்பாவை வண்டியில் ஏற்றிவிடும்போது காதோரம் கேட்டேன். "சித்தப்பா, நெஞ்செலும்பு எங்கருந்து வந்துச்சு?"

"ஈரல் எந்தக் காலத்துலயும் பூசாரிக்குப் போறதுடா. பந்தல் கட்டுறவனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? அத அப்படியே உட்டிருந்தா கலியபெருமாள் லபக்குன்னு புடிச்சிருப்பான்" என்றார். பிறகு, "கதவ சாத்து, காத்து அடிக்குது" என்றார்.

கலியபெருமாள் அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சாமி முன்னால் ஒரு தடவை கூப்பிட்ட பெயரை எந்த வருஷமும் விட முடியாது. நான் சொன்னதில்லை, படகில் நீங்கள் சொன்னது.

மல்லிகா, குப்பம்மா என்று ஒருத்தி கிடையாது. நம் வகையறாவில் இலை போட்டுக் கூறு வாங்கிய முதல் பொம்பளை நீதான். பத்திரிகையில் முனீஸ்வரன் மட்டும் போதும். அந்த அரக்குப் புடவையை வர்ற படையலுக்கு நீயே கட்டிக்கொண்டு வா. வண்டி விழுப்புரத்தில் ஆறு பத்துக்குக் கிளம்பும். நீ ஜங்ஷனில் ஏழுக்கு நின்றால் போதும்.